போகாத விரலுக்குப் படிவம் இல்லை

முழங்கை நீளத்துக்கு ஒரு வாழைத்தண்டு. மேல்பட்டை உரித்து, நீர் சொட்டச் சொட்ட ஒரு பலகையின்மேல் கிடந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த இஞ்சினியர் அதைக் கையில் பிடித்தபடி, ஓடிக்கொண்டிருந்த மேசை ரம்பத்தை நோக்கி மெல்லத் தள்ளினார். பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம். ரம்பத்தகடு மேசைக்கு மேலே இல்லை, உள்ளே போய்விட்டது. இஞ்சினியர் தண்டைத் தூக்கிக் காட்டினார். நகத்தால் கீறியதுபோல ஒரு கோடு, அவ்வளவுதான். உண்மையில் அவர் முதலில் கேட்டது கோழிக்கால். அன்று புரட்டாசி சனிக்கிழமை. எங்கள் பட்டறையில் யாரிடமாவது கோழிக்கால் வாங்கி வரச் சொல்லியிருந்தால் அவன் அன்றே வேலையை விட்டுப் போயிருப்பான். கையோடு ஒட்டிப் பிடித்திருக்கும் ஈரமான பொருள் எதுவானாலும் பரவாயில்லை என்று அவர் இறங்கி வந்த பிறகு, பக்கத்துக் காய்கறிக் கடையில் தண்டு வாங்கினோம். அந்தச் செலவுச் சீட்டில் 'இயந்திரச் சோதனைக்கு வாழைத்தண்டு' என்று எழுதினேன். தணிக்கைக்கு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு என்னையும் ஒருமுறை பார்த்தார்.

நான் வேலை பார்த்தது, அரசுப் பள்ளிகளுக்குப் பெஞ்சும் டெஸ்க்கும் செய்து கொடுத்த ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் மரப்பட்டறையில். பட்டறை திண்டிவனத்தில், தலைமை அலுவலகம் விழுப்புரத்தில். பட்டறைக்கு நான் மேலாளர். வீடு விழுப்புரம் என்பதால் தினமும் போய்வந்தேன். எந்தத் தாளை எந்தக் கோப்பில் வைக்க வேண்டும், எந்தக் கோப்பு யார் மேசைக்குப் போனால் திரும்பி வராது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சிலருக்குப் பஞ்சாங்கம் தெரியும், எனக்கு விதிகள் தெரியும். இரண்டாலும் மழை வந்ததில்லை.

அந்த மேசை ரம்பம் நன்கொடையாக வந்தது. அதன் சிறப்பு, விரல் பட்டால் நின்றுவிடும் என்பது. சுழலும் தகட்டில் எப்போதும் மிகச் சிறிய மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். காய்ந்த மரம் பட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. மனித உடல் பட்டால் அந்த மின்சாரத்தில் ஒரு பங்கை உடல் வாங்கிக்கொள்ளும். இயந்திரத்துக்கு அது தெரிந்துவிடும். உடனே உள்ளே இருக்கும் ஓர் அலுமினியக் கட்டை விசையோடு பாய்ந்து தகட்டின் பற்களைக் கவ்வும். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கட்டையும் தகடும் ஒன்றோடொன்று சிக்கி, இரண்டுமே குப்பைக்குப் போகும். கட்டை இருக்கும் பெட்டியை எடுத்துவிட்டுப் புதிய பெட்டியையும் புதிய தகட்டையும் மாட்டினால் மறுபடி ஓடும். ஈர மரம் பட்டாலும் சில சமயம் ஏமாந்து நின்றுவிடும் என்பதால், பாதுகாப்பை விலக்கி ஓட்டுவதற்கு ஒரு சாவியும் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறை ஓட்டத் தொடங்கும்போதும் அந்தச் சாவியைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். அதாவது, 'எனக்கு விரல் வேண்டாம்' என்று ஒவ்வொரு முறையும் கைப்பட ஒப்புக்கொண்ட பிறகே ஓடும். இயந்திரம் செய்தவனுக்கும் விதிமுறைகள் தெரிந்திருக்கின்றன.

வாழைத்தண்டுச் சோதனை முடிந்ததும் கைதட்டினோம். கைதட்டாத ஒரே ஆள் எங்கள் மேஸ்திரி. குனிந்து உள்ளே சிக்கியிருந்த தகட்டைப் பார்த்தார்.

“நல்ல பிளேடு சார். ஒரு வாழத்தண்டுக்காவ போச்சி.”

பிறகு தண்டைக் கேட்டு வாங்கி, பொரியலுக்கு ஆகும் என்று பையில் போட்டுக்கொண்டார்.

மேஸ்திரி பிரம்மதேசத்துக்காரர். இடது கையில் ஆள்காட்டி விரல் இல்லை. பழைய ரம்பம் எடுத்துக்கொண்டது. அது நடந்தபோது நான்தான் பட்டறையில் இருந்தேன். விபத்துப் பதிவேட்டைத் திறந்தேன். 'இழந்த உறுப்பு' என்று ஒரு பத்தி இருந்தது, எழுதினேன். எத்தனையாவது விரல், எந்தக் கை, எந்தக் கணு வரை என்று துல்லியமாகக் கேட்கும் படிவம் இருந்தது, நிரப்பினேன். மறுநாள் காலைக்குள் கோப்பு விழுப்புரம் போய்விட்டது. என் பணிக்காலத்தில் அவ்வளவு தடையின்றி நகர்ந்த கோப்பு வேறில்லை. ஒரு விரல் போவதற்கு எல்லா ஏற்பாடும் தயாராக இருந்தது. மேஸ்திரியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. யாராவது கையைப் பார்த்தால், “ஒம்போது போதும், ஆபீசுல பத்து வச்சிக்கினு இருக்கறவங்க இன்னாத்த கிழிச்சிட்டாங்க?” என்பார். சொல்லும்போது என் பக்கம் பார்க்க மாட்டார். அது ஒரு மரியாதை.

மனிதர் கெட்டிக்காரர், ஆனால் யாருடைய பொறுமையையும் சோதிப்பார். பலகையின் கடைசிப் பகுதியைக் கையால் தள்ளாமல் ஒரு கட்டையால் தள்ள வேண்டும் என்பது ரம்ப வேலையின் முதல் பாடம். நானே மஞ்சள் வண்ணம் அடித்த தள்ளுகட்டை ஒன்றைச் செய்யச் சொல்லி ரம்பத்தின் அருகே மாட்டினேன். அந்த வருடம் ஆயுத பூஜையில் மற்ற கருவிகளோடு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அதற்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். “பூஜ பண்ண பொருள எடுத்து மரத்தூள்ல பொரட்டச் சொல்றீங்களா?” என்று மேஸ்திரி கேட்டார். இதே மனிதர் பூஜை போட்ட ரம்பத்தில் மறுநாள் காலையில் வேப்பமரம் அறுத்தார். வாதாடிப் பார்த்தேன். ரம்பம் பூஜைக்கு முன்பே உழைத்த பொருளாம்; தள்ளுகட்டை பூஜைக்கு முன்பு ஒரு நாளும் உழைத்ததில்லையாம். அது சுவரிலேயே குங்குமத்தோடு தொங்கியது.

தகட்டின் அருகே சேரும் சிம்புகளை, அதாவது மெல்லிய மரச்சீவல்களை, அவர் விரலால் சுண்டிவிடுவார். கேரம் ஆடுவதுபோல இருக்கும். இருபது வருடப் பழக்கம். பழைய ரம்பம் ஆள்காட்டி விரலை எடுத்ததும் அந்தச் சுண்டலில்தான். பாடம் கற்றுக்கொண்டு, அதன் பிறகு வலது கைக் கட்டைவிரலால் சுண்ட ஆரம்பித்திருந்தார்.

புது ரம்பம் வந்த சில மாதங்கள் கழித்து ஒரு காலை. நான் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே பட்டாசுச் சத்தம். ஓடினேன். மேஸ்திரி மரத்தூள் குவியலின்மேல் உட்கார்ந்திருந்தார், கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு. ரம்பத்தின் மறுபக்கம், அறுத்து வரும் பலகையை இழுத்து வாங்கும் அம்மா நின்றிருந்தார். அவருக்கு வளவனூர், திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவர்; பட்டறையில் எல்லோருக்கும் வளவனூரம்மா. நான் பழக்கதோஷத்தில் முதலில் இயந்திரத்தைக் குனிந்து பார்த்தேன்.

“மொதல்ல வெரலு இருக்குதானு பாருங்க சார். மெஷின அப்பால பாக்கலாம்” என்றார் வளவனூரம்மா.

விரல் இருந்தது. வெற்றிலைக் காம்பைக் கிள்ளும்போது நகம் பட்டதுபோல ஒரு கோடு, ஒரு சொட்டு ரத்தம். வாயிலிருந்து விரலை எடுத்து மேஸ்திரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, சிக்கிக்கொண்ட தகட்டைத் தட்டிப் பார்த்து, “இதுவும் போச்சி” என்றார்.

அங்கேதான் என் சிரமம் தொடங்கியது. விபத்துப் பதிவேட்டைத் திறந்தேன். 'இழந்த உறுப்பு' பத்தியில் எழுத ஒன்றுமில்லை. எதுவும் இழக்கவில்லை என்றால் அது விபத்தே அல்ல. விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கட்டை இருக்கும் பெட்டி ஒன்றும் தகடு ஒன்றும் பாழாகியிருந்தன. அது பொருள் சேதம். பொருள் சேதத்துக்கு வேறு படிவம். அதில் 'சேதத்துக்குக் காரணமானவர்' என்று ஒரு பத்தி. அங்கே ஒரு பெயர் விழுந்தால், 'கவனக்குறைவுக்காக உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்று ஒரு குறிப்பாணை தானாகப் பிறக்கும். விரல் போயிருந்தால் அவர் விபத்துக்கு உள்ளானவர், பரிதாபத்துக்குரியவர். விரல் தப்பிவிட்டதால் அவர் சங்கத்தின் சொத்தைச் சேதப்படுத்தியவர். போன விரலுக்கு என் அலமாரியில் நாலு பிரதிகள் கொண்ட படிவம் இருந்தது. போகாத விரலுக்கு ஒரு துண்டுச்சீட்டு கூட இல்லை.

மேஸ்திரிக்கு ஓய்வுபெற மூன்று வருடங்கள் இருந்தன. அதுவரை ஒரு குறிப்பாணையும் வாங்காதவர். அவரை என் அறைக்குக் கூப்பிட்டேன். படிவத்தை மேசையில் விரித்து, பேனாவைத் திறந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

“மேஸ்திரி, கட்ட ஈரமா இருந்திச்சா?”

வேப்பங்கட்டை அது, கொட்டகையில் இரண்டு கோடை காய்ந்தது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“ஈரம்னு வச்சிக்கலாம் சார்” என்றார்.

இரண்டு பக்க அறிக்கை எழுதினேன். மரத்தின் ஈரப்பதம் காரணமாகக் கருவி தவறுதலாக இயங்கியது, பணியாளர் எவரும் தகட்டைத் தொடவில்லை, எவர்மீதும் தவறில்லை. என் பணிக்காலத்தில் எழுதியவற்றில் மிகத் தெளிவான அறிக்கை அதுதான். உண்மையை எழுதும்போது அங்கங்கே இடிக்கும். அதில் எதுவும் இடிக்கவில்லை.

உதிரியாக மிச்சமிருந்த ஒரே பெட்டியை மாட்டி ரம்பத்தை ஓட்டினோம். மூன்றாம் வாரம் விழுப்புரத்திலிருந்து உத்தரவு வந்தது. 'தேவையின்றி இயங்கிப் பொருள் சேதம் விளைவிக்கும் பாதுகாப்புக் கருவியை, மறு உத்தரவு வரும் வரை விலக்கி வைத்தே இயந்திரத்தை ஓட்டவும்.' மறு உத்தரவு என்பது எங்கள் அலுவலகத்தில் மறுபிறவி மாதிரி. நம்பிக்கை உள்ளவர்கள் காத்திருக்கலாம். ஆக, ஒரு மனிதரைக் குறிப்பாணையிலிருந்து காப்பாற்ற நான் எழுதிய தாள், அவருடைய ஒன்பது விரல்களையும் வளவனூரம்மாவின் பத்து விரல்களையும் மறுபடி வெறும் தகட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டது. அறிக்கை அவ்வளவு நன்றாக இருந்திருக்கக் கூடாது.

திருத்த அறிக்கை அனுப்பலாம் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். “ஒரு தரம் சொன்னது சொன்னதுதான். இப்ப மாத்தி எழுதி என்னப் பொய்யனாக்கப் போறீங்களா?” என்று கோபித்துக்கொண்டார். பொய் சொன்னவன் என்று பெயர் வரக் கூடாது என்பதற்காக ஒரு பொய்யைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் மனிதரிடம் என்ன பேசுவது? அவர் கையெழுத்து இல்லாமல் நானே எழுதி அனுப்பியிருக்கலாம். அதற்கு விதியில் தடை எதுவும் இல்லை. அதை அப்போது நான் தேடிப் பார்க்கவில்லை.

அதற்குப் பதிலாக எனக்குத் தெரிந்த ஆயுதத்தை எடுத்தேன். பாதுகாப்பை விலக்கும் சாவியை என் மேசை இழுப்பறையில் பூட்டினேன். சாவிப் பதிவேடு ஒன்று தொடங்கினேன். ரம்பத்தை ஓட்டத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் மேஸ்திரி முற்றத்தைக் கடந்து என் அறைக்கு வர வேண்டும். 'என் சொந்தப் பொறுப்பில் பாதுகாப்பை விலக்குகிறேன்' என்ற வாசகத்துக்கு எதிரே நேரம் குறித்துக் கையெழுத்திட்டுச் சாவியை வாங்க வேண்டும். அணைத்ததும் திருப்பித் தர வேண்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து முறை நடந்தால் மனிதர் வெறுத்துப்போய் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். முதல் நாள் நடந்தார். இரண்டாம் நாள் நடந்தார். மூன்றாம் நாள் காலையில் வந்து உட்கார்ந்து, பதிவேட்டில் எட்டுப் பக்கத்துக்கு முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார்.

“டைம் நீங்களே போட்டுக்கங்க சார். உங்க கையெழுத்து அழகா இருக்கும்.”

“மேஸ்திரி, இது விளையாட்டு இல்ல.”

“நடக்க வைக்கறது மட்டும் வெளயாட்டா? பேஜாரு புடிச்ச வேலையா இருக்குது. சாவிய ஜல்தியா குடுங்க சார், பெஞ்சு ஏத்த லாரி வந்துடும்.”

கொடுத்தேன். வேறென்ன செய்வது? பெஞ்சுகளைக் கேட்டு விழுப்புரத்திலிருந்து தினமும் போன் வந்துகொண்டிருந்தது. ரம்பத்தை நிறுத்திவைக்க என்னிடம் உத்தரவு இல்லை. பாதுகாப்பு இல்லாமல் ஓட்ட உத்தரவு இருந்தது.

வளவனூரம்மா ஒரு நாள் உணவு இடைவேளையில் நேராக என் அறைக்கு வந்தார். பின்னாலேயே மேஸ்திரி, 'இந்தம்மா இன்னா சொல்லப் போறாங்களோ' என்ற முகத்தோடு.

“சார், அன்னிக்கு கட்ட ஈரம் இல்ல. எதுத்தாப்புல நின்னுக்கினு இருந்தவ நானு. இந்தண்ணன் வெரலு பட்டிச்சி, நான் பாத்தேன்.”

“யம்மா, நீ பலகைய இழுக்கற வேலைய பாரு” என்றார் மேஸ்திரி.

“இழுக்கறதாலதான் சொல்றேன். ஒன் வெரலுக்கு மெஷினு நின்னுச்சி. என் வெரலுக்கு நிக்கக் கூடாதுன்னு நீயும் சாரும் சேந்து பூட்டி வச்சிருக்கீங்க. நல்லா இருக்குதுண்ணே ஒங்க நாயம்.”

நான் 'பரிசீலிக்கிறேன்' என்றேன். முப்பது வருடத்தில் நாக்கு அப்படிப் பழகிவிட்டது.

அது நடந்து பத்து நாள் இருக்கும். மெல்லிய சட்டங்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். சட்டம் ஒன்று துள்ளியது. அதை வாங்கக் கை நீட்டியிருந்த வளவனூரம்மாவின் கையை அது தகட்டை நோக்கி இழுத்தது. கண்ணாடி வளையல்கள் இரண்டு தகட்டில் பட்டுத் தூளாகித் தெறித்தன. அவர் கையை எப்படி உருவினார் என்று அவருக்கே தெரியாது. தோலில் கீறல் இல்லை. வளையலுக்கும் என்னிடம் படிவம் இல்லை. மேஸ்திரி ரம்பத்தை அணைத்தார். மரத்தூளுக்குள் கைவிட்டுப் பச்சைக் கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார், யார் காலிலாவது குத்திவிடுமாம். சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் விழுப்புரத்தில் காலாண்டுக் கூட்டம். பொருள் பட்டியலில் ஒன்பதாவது இனம்: 'மேசை ரம்பத்தில் உள்ள பழுதான பாதுகாப்புக் கருவியை நிரந்தரமாக அகற்றுதல்.' இயந்திரத்தை இயக்குபவரின் கருத்தையும் கேட்கலாம் என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. யாரும் பயன்படுத்தாத உட்பிரிவு. அதைத் தோண்டி எடுத்து, மேஸ்திரியைக் கூட்டத்துக்கு அழைத்துப் போக அனுமதி வாங்கினேன். கருவிக்கு ஆதரவாக நாலு வார்த்தை சொல்லட்டும், பழையதைக் கிளறாமலே காரியம் முடியட்டும் என்பது என் திட்டம்.

கூட்டத்தன்று காலை திண்டிவனம் போய் அவரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அவித்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, உரித்துத் தின்றுகொண்டே வந்தார். நான் என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தினால் கருவி ஒழுங்காக இயங்கும், அவ்வளவு போதும். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் நின்றபோது கேட்டார்.

“சார், நான் சொன்னது பொய்னு தெரிஞ்சா இன்னா பண்ணுவாங்க?”

வரிசையாகச் சொன்னேன். முதலில் குறிப்பாணை. அதற்கு விளக்கம். விளக்கம் திருப்தி இல்லை என்றால் கண்டனம், பணிப்பதிவேட்டில் சிவப்பு மையில் பதிவு.

“வெரல வெட்ட மாட்டாங்க இல்ல?”

“மாட்டாங்க.”

“அப்ப சரி” என்று தோல்களை ஜன்னல் வழியே கொட்டினார்.

கூட்டத்தில் சங்கத்தின் செயலாட்சியர், அதாவது எங்கள் எல்லோருக்கும் மேலதிகாரி, ஒன்பதாவது இனத்துக்கு வந்தபோது மதிய உணவு நேரம் நெருங்கியிருந்தது. என் அறிக்கையைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: “விரலே படாம விரல் பட்டுச்சுன்னு நிக்குது. பொய் சொல்ற மெஷினை வச்சிக்கிட்டு என்ன பண்றது? கழட்டிடுங்க.”

மேஸ்திரி எழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“மெஷின் பொய் சொல்லலைங்க. நான்தான் சொன்னேன்.”

வலது கைக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அந்தக் கோடு அதற்குள் ஆறி மறைந்தேவிட்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனாலும் எல்லோரும் பார்த்தார்கள். “கட்ட நல்லா காஞ்ச கட்டங்க. சிம்ப சுண்டுனேன், பட்டிச்சி. அது நிக்கலைன்னா காட்டறதுக்கு இந்த வெரலே இருந்திருக்காது. இப்ப அத அமுத்தி வச்சிட்டு ஓட்டிக்கினு இருக்கோம். போன வாரம் ஒரு பொம்பளைக்குக் கை போவப் பாத்திச்சி. அத கழட்டாதீங்க.”

“அப்ப ஈரம்னு யார் சொன்னது?”

அறையில் என்னை யாரும் பார்க்கவில்லை. மேஸ்திரி மட்டும் ஒரு கணம் பார்த்தார். நான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அது என் பொறுப்பு.

“நான்தாங்க. நான் சொன்னத நம்பி சார் எழுதிட்டாரு.”

ஒரு பொய்யைத் திரும்ப எடுத்துக்கொண்ட அதே மூச்சில் இன்னொன்றைச் சொன்னார். முதல் பொய் அவருக்காக நான் செய்து கொடுத்தது. இரண்டாவது எனக்காக அவர் செய்தது. அதையும் அப்படியே கூட்டக் குறிப்பில் பதிவு செய்தேன். ஈரமா என்று முதலில் கேட்டது யார் என்று கூட்டம் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நான் விதியின்படி உட்கார்ந்திருந்தேன்.

கருவி தப்பியது. பாதுகாப்போடுதான் ஓட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. உதிரிப் பெட்டிகளும் பின்னால் வந்தன. மேஸ்திரிக்குக் குறிப்பாணையும் வந்தது. மேலாளர் என்ற முறையில் அதை வரைந்தவன் நான். அவருக்கு அலுவலகத் தமிழ் வராது என்பதால் அவருடைய விளக்கத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன். அந்த விளக்கம் திருப்தி அளிக்கவில்லை என்ற குறிப்பையும் நானே எழுதிக் கையெழுத்துக்கு வைத்தேன். கடைசியாகப் பணிப்பதிவேட்டில் கண்டனத்தைப் பதிந்ததும் இதே கைதான். விளக்கத்தில் கையெழுத்துப் போடும் முன்பு படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். “இவ்ளோ நல்லா எழுதியிருக்கீங்க, தப்பு பண்ணவன் நான்னு எனக்கே தோணல சார்” என்றார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மேஸ்திரி ஒன்பது விரலோடும் ஒரு கண்டனத்தோடும் ஓய்வுபெற்றார். அதற்கு இரண்டு வருடம் கழித்து நான் எந்தக் குறையும் இல்லாத பணிப்பதிவேட்டோடு ஓய்வுபெற்றேன். பிரிவு விழாவில் 'விதி பிறழாதவர்' என்று பேசினார்கள். மறுக்க முடியாது.

போன மாதம் வளவனூரம்மா போன் செய்தார். இப்போது ரம்பம் ஓட்டுவது அவர்தான். முந்தின நாள் அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் பட்டிருக்கிறது, இயந்திரம் நின்றிருக்கிறது. ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான். இப்போதைய மேலாளர் இளைஞர், நல்ல மனிதர். நான் ஒரு காலத்தில் நல்ல மனிதனாக இருந்த அதே விதத்தில் நல்லவர். 'ஈர மரம்னு போட்டுடலாம்மா, உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது' என்றாராம்.

“நான் மாட்டேன்னுட்டேன் சார். இவங்க ஈரம்னு எழுதுவாங்க, அவங்க மறுபடி அத அமுத்தி வைக்கச் சொல்லுவாங்க. நடந்தத நடந்தபடி எழுதணும். ஆபீசு தமிழ்ல நீங்கதான் எழுதிக் குடுக்கணும்.”

காலை பஸ்ஸில் போனேன். பட்டறைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார், விரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. மேஸ்திரியும் பிரம்மதேசத்திலிருந்து மொபெட்டில் வந்துவிட்டிருந்தார்; அந்தம்மாவே கூப்பிட்டிருக்கிறார். தாளை மடியில் வைத்து எழுதினேன். மரம் காய்ந்தது, விரல் பட்டது, கருவி செய்ய வேண்டியதைச் செய்தது. விபத்துப் பதிவேட்டில் 'இழந்த உறுப்பு' என்ற பத்திக்கு அடுத்து 'தப்பிய உறுப்பு' என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும். தப்பிய உறுப்புக்காக எவர்மீதும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. அதற்குக் கீழே, என் பெயரில் தனியாக ஒரு பத்தி. முன்பு இதே இயந்திரத்தில் மரம் ஈரம் என்று அறிக்கை அனுப்பப்பட்டதே, அந்த யோசனை மேஸ்திரியுடையது அல்ல, என்னுடையது. அவர் பணிப்பதிவேட்டில் உள்ள கண்டனம் எனக்கு உரியது.

படித்துக் காட்டினேன். மேஸ்திரி டீ கிளாசைக் கீழே வைத்தார்.

“ரிட்டயர் ஆனதுக்கு அப்பால எழுதறீங்களே சார், இப்ப யாரு உங்களுக்கு மெமோ குடுப்பாங்க?”

“யாரும் குடுக்க முடியாது.”

“அதான் எழுதறீங்க.”

மறுத்துச் சொல்ல விதி ஒன்றைத் தேடினேன். இல்லை. என் பத்திக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

“வுடுண்ணே, லேட்டானாலும் எழுதறாரு இல்ல?” என்று வளவனூரம்மா என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். பிளாஸ்திரி விரலில் பேனா நிற்கவில்லை, வழுக்கியது. மேஸ்திரி, “கைநாட்டு வச்சிடு, வேல முடிஞ்சிடும்” என்றார். “கைநாட்டு ஏன் வைக்கறேன்? எனக்கு வெரலு இருக்குது” என்று சொல்லிவிட்டு, பிளாஸ்திரியைப் பிய்த்தெடுத்து முந்தானையில் துடைத்து, அந்த விரலாலேயே பேனாவை அழுத்திப் பிடித்து, தன் பெயரை முழுதாக எழுதினார்.